சூட்டிக்குப் பகலில் தூக்கம், ராத்திரியில் நடை – வயசா, வருத்தமா?

லிந்துலை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு நாய் சூட்டியைப் பற்றி ஒரு விஷயம் கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சூட்டி சாதி நாய் இல்லை, தோட்டத்து நாய்தான். ஆண். மகன் முதலாம் ஆண்டில் சேர்ந்த வருஷம், தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் கிடந்த குட்டிகளில் ஒன்றைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். அவன் இப்போது ஏ.எல். (உயர்தரம்) படிக்கிறான், வயசை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். எடை 15 கிலோ அளவில் இருக்கும். விசர்நாய் ஊசி ஒரு வருஷமும் தவறியதில்லை.

போன வருஷம் வரை லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில் இருந்தோம். அங்கே அவனுடைய ராத்திரி எப்போதும் ஒரே மாதிரிதான். இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், படங்குச் சாக்கில் படுப்பான். தை, மாசியில் பனி கொட்டும்போது கதவைச் சுரண்டி உள்ளே வந்து அடுப்போரம் சுருண்டுகொள்வான். விடிய மாமியார் விறகு வைக்கிற சத்தத்துக்குத்தான் எழும்புவான். அப்புறம் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்து மேலே வந்துவிட்டோம். தரைக்கு டைல்ஸ், சமையலுக்கு காஸ். அடுப்போரம் என்று ஒன்று இப்போது இல்லை.

தீபாவளியை ஒட்டித்தான் மாற்றம் என் கண்ணில் பட்டது. பகலெல்லாம் வாசல் படியில், வெயில் விழுகிற இடத்தில், அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம். முன்பெல்லாம் நான் முடக்கில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஓடி வந்து நிற்பான். இப்போது கேட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றி, அவனைத் தாண்டி உள்ளே போன பிறகும் கண் திறப்பதில்லை. ராத்திரி ஒரு மணியானால் நடக்கத் தொடங்குகிறான். ஹோலில் இருந்து குசினிக்கு, குசினியில் இருந்து ஹோலுக்கு. டைல்ஸில் நகம் படுகிற சத்தம் டக் டக்கென்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு இடத்தில் படுப்பான், எழும்புவான், இன்னொரு இடத்தில் படுப்பான். சில நாள் பின்கதவுப் பக்கம் நின்று காரணமே இல்லாமல் குரைக்கிறான். வீட்டுக்காரருக்குத் தேயிலை ஸ்டோரில் ராத்திரி வேலை. அதனால் விழித்துக் கிடப்பது நானும் மாமியாரும்தான். காலையில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் நான் கொட்டாவி விடுகிறேன்.

மாமியார் ரோதைமுனி, அதாவது தோட்டத்தில் கும்பிடுகிற முனிச்சாமி என்கிறார். புது வீடு கட்டின இடம் முனி நடமாடுகிற பாதையாம், அது நாயின் கண்ணுக்குத்தான் தெரியுமாம். வெள்ளிக்கிழமை தேங்காயும் உடைத்தாயிற்று. உடைத்த தேங்காயில் பாதியை சூட்டிதான் தின்றான். சாப்பாட்டில் குறை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா, தடிமனுக்குப் போடுகிற மஞ்சள் மாத்திரையில் பாதி கொடுத்தால் விடிய விடியத் தூங்குவான் என்கிறார். மாமியாரின் தூக்க மாத்திரையில் கால்வாசி கொடுக்கலாம் என்று இன்னொரு யோசனை. இரண்டும் கொடுக்கவில்லை. கொடுக்கலாமா? வயசுதான் காரணம் என்றால் பழகிக்கொள்கிறேன். வருத்தம் என்றால் வேன் பிடித்து டாக்டரிடம் போக வேண்டும். போனால் அவரிடம் என்ன சொல்வது? ராத்திரியில் தூங்குகிறான் இல்லை என்று மட்டும் சொன்னால் போதுமா?

அக்கரப்பத்தனை தம்பி:

டீச்சர், வெளியே டோர்ச் அடித்துப் பார்த்தீர்களா? எங்கள் டிவிஷனில் இப்படித்தான் நாய்கள் ராத்திரியில் நிலைகொள்ளாமல் திரிந்தன. அப்புறம் ஒவ்வொன்றாகக் காணாமல் போகத் தொடங்கின. விடியக் கொழுந்துக்குப் போன அம்மாமார் தண்ணீர்க் கானோரம் ஈர மண்ணில் தடம் பார்த்தார்கள். சிறுத்தை. தேயிலை அடர்ந்து நிற்கிற மலை என்றால் வீட்டுக்கு இருபது அடியில் படுத்திருந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. சிறுத்தை இல்லாவிட்டாலும் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் மரக்கறித் தோட்டத்துக்கு இறங்குகிற நேரம் அதுதான். எதற்கும் ராத்திரியில் அவனை வெளியே விடாதீர்கள். சங்கிலியில் கட்டி வாசலில் போடவே வேண்டாம், கட்டின நாயால் ஓடக்கூட முடியாது.

மாட்டாஸ்பத்திரி மாமா:

டீச்சர், மாத்திரைக் கேள்விக்கு முதலில் பதில். மஞ்சள் மாத்திரையும் வேண்டாம், மாமியாரின் மாத்திரையும் வேண்டாம். டாக்டர் நாயைப் பார்க்காமல் எதுவுமே வேண்டாம். வலியாக இருக்குமோ என்று நினைத்து யாராவது பெனடோல் கொடுக்கச் சொல்வார்கள். அதற்குத்தான் இன்னும் பயப்பட வேண்டும். பரசிட்டமோல் நாயின் ஈரலைக் கெடுக்கும், இரத்தத்தையும் கெடுக்கும். புரூபன் வகை வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி கிட்னியில் கை வைக்கும். நல்லெண்ணத்தில் கொடுத்துவிட்டு, வாந்தியெடுக்கிற நாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்கள் நிறையப் பேர்.

நான் டாக்டர் இல்லை. மாட்டாஸ்பத்திரியில் உதவியாளாக இருந்து பென்ஷன் எடுத்தவன். பேர்தான் மாட்டாஸ்பத்திரி. பால்மாட்டுக்காரர்கள் காலையோடு போய்விடுவார்கள், அதற்குப் பிறகு வருவது முக்கால்வாசி நாய்தான். வருகிறவர்கள் "எந்த நேரமும் தூங்குது ஐயா" என்பார்கள், அல்லது "தூங்குதே இல்லை ஐயா" என்பார்கள். எங்கள் பெரிய டாக்டர் அதைக் காதில் வாங்கவே மாட்டார். "எழும்பி முதல் ஐந்து நிமிஷம் என்ன செய்யுது, அதைச் சொல்லு" என்பார். தூங்குகிற நாயைப் பார்த்து ஒன்றும் பிடிக்க முடியாது. வளர்ந்த நாய் ஒரு நாளில் 12 முதல் 14 மணித்தியாலம் வரை துண்டு துண்டாகத் தூங்கும். குட்டியும் கிழட்டு நாயும் அதைவிடக் கூட. மழை விடாமல் அடிக்கிற மாதங்களில் வேறு வேலை இல்லாமலும் தூங்கும். அதை வைத்து வருத்தம் என்றும் சொல்ல முடியாது, சுகம் என்றும் சொல்ல முடியாது. எழும்புகிற விதம்தான் காட்டிக்கொடுக்கும்.

சூட்டி எழும்பும்போது லைட்டைப் போட்டுப் பாருங்கள். முன்னங்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு பின்பக்கத்தை இழுத்துத் தூக்குகிறானா? நின்ற பிறகு முதல் பத்தடி விறைப்பாக வைத்து, போகப் போக நடை சீராகிறதா? அப்படியென்றால் மூட்டு. இந்த வயசு நாயில் மூட்டுத் தேய்மானம் சர்வ சாதாரணம். ஆனால் கத்தாது, பல நாய்கள் நொண்டக்கூட மாட்டா. படுத்தால் கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் வலிக்கும், எழும்பும், சுற்றும், வேறு இடம் தேடும். நமக்கு அது தூக்கமில்லாமல் உலாத்துகிற மாதிரித் தெரியும். விடிந்து படியில் வெயில் ஏறினால் மூட்டுக்கு இதமாக இருக்கும், ராத்திரி விட்ட தூக்கத்தை அங்கே பிடித்துக்கொள்ளும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், தை மாசியில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிற ஊர். லிந்துலை அதற்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். அந்தக் குளிரில் டைல்ஸில் படுக்கிறான் கிழவன். லயத்தில் அவனுக்கு அடுப்பு இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எழும்பினதும் நேரே தண்ணீர்ச் சட்டிக்குப் போனால் கதை வேறு. கிட்னி பழுதாகத் தொடங்கினாலும் சீனி வருத்தம் வந்தாலும் நாய் நிறையக் குடிக்கும், நிறையப் பெய்யும். மூத்திரம் முட்டித்தான் ராத்திரியில் கதவைத் தேடும். இதைச் சும்மா பார்த்துச் சொல்லாமல் அளந்து சொன்னால் டாக்டருக்குப் பெரிய உதவி. காலையில் சோடாப் போத்தலால் அளந்து சட்டியில் ஊற்றுங்கள். அடுத்த நாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து கழியுங்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிலீட்டருக்கு மேல் போனால் கூடுதல், அதாவது சூட்டிக்கு ஒன்றரை லீட்டர். அந்தச் சட்டியில் வேறு எதுவும் குடிக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக் கோழிகளைக் கணக்கில் எடுக்காமல், நாய்க்கு சீனி வருத்தம் வந்துவிட்டதென்று அழுதுகொண்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

இன்னொரு விதம், எழும்பி எங்கே போவதென்று தெரியாமல் நிற்பது. கதவு திறக்கிற பக்கத்தை விட்டுவிட்டுக் கீல் பக்கம் போய் நிற்கும். மேசைக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து, பின்னால் வரத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும். சுவரைப் பார்த்துக் குரைக்கும். வெளியே போய்விட்டு வந்த கையோடு ஹோலில் பெய்யும். மனிதருக்கு வயசில் வருகிற மறதி வருத்தத்தைப் போல் நாய்க்கும் ஒன்று உண்டு, அதில் பகலும் ராத்திரியும் இடம் மாறும். முழுதாக மாற்ற முடியாது. கொஞ்சம் சமாளிக்கலாம், அதற்கு மருந்தும் இருக்கிறது. ஆனால் எடுத்த எடுப்பில் இந்தப் பெயரை நாயின் மேல் ஒட்டக் கூடாது. வலி, காது, கண், கிட்னி எல்லாம் பார்த்த பிறகுதான் நல்ல டாக்டர் இங்கே வருவார்.

தம்பி சொன்ன சிறுத்தைக்கு ஒரு வார்த்தை. சிறுத்தை வாடை பட்ட நாய் ஹோலில் உலாத்தி நான் பார்த்ததில்லை. வாலை இடுக்கிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போகும், இழுத்தாலும் வராது. ஆனாலும் ராத்திரியில் உள்ளே வைத்திருக்கச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

சூட்டிக்கு இது மெல்ல மெல்ல வந்த மாற்றம், ஆகவே கவனித்துப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. இதை வாசிக்கிற மற்றவர்கள் அப்படி நினைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். நாய் ஓரிரு நாளில் திடீரென்று மாறினால் அது வேறு. உண்ணிக் காய்ச்சலில் நாய் சாப்பிடாமல் சுருண்டு கிடக்கும், பல் முரசு வெளுக்கும், சிலதுக்கு மூத்திரம் தேயிலைச் சாயத்தண்ணி நிறத்தில் போகும். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். விசர்நாய் ஊசி போடாத நாய் தூக்கமில்லாமல் திரிந்து, குரல் மாறி, வீணீர் வடித்து, கண்டதையெல்லாம் கடித்தால் விசராக இருக்கலாம், பக்கத்திலேயே போகாதீர்கள். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று வாய்க்குள் கை விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு.

பண்டாரவளை ஜெனி அம்மா:

டீச்சர், மாமா சொன்னதோடு மூச்சையும் எண்ணிப் பாருங்கள்.

எங்கள் ஜெனி பொமரேனியன், போன வருஷம் வரை எங்களோடு இருந்தாள். அவளும் ராத்திரியில் எழும்பித்தான் இருந்தாள், ஆனால் நடக்க மாட்டாள். உட்கார்ந்துகொள்வாள். முன்னங்கால்களை அகட்டி ஊன்றி, கழுத்தை நீட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்கி விழுவாள். படுத்தால் இருமல், ஒரு வரட்டு இருமல். தூக்கம் கலைந்ததால் இருமுகிறாளா, இருமலால் தூக்கம் கலைகிறதா என்று எங்களுக்கு விளங்கவில்லை. பண்டாரவளைக் குளிருக்குச் சளி பிடித்திருக்கும் என்று என் அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார், அவளும் நக்கிக் குடித்தாள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்ததும் சொல்லிவிட்டார், இருதயத்தின் வால்வு சரியாக மூடுவதில்லை என்று. சின்னச் சாதி நாய்களுக்கு வயசானால் இது அதிகம் வருமாம்.

அவர்தான் மூச்சை எண்ணக் கற்றுக்கொடுத்தார். நாய் நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஒரு தரம் ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை என்று எண்ண வேண்டும். கனவு காண்கிற நேரமாக இருக்கக் கூடாது, வெயிலில் படுத்து இளைக்கிற நேரமாகவும் இருக்கக் கூடாது. 30க்குக் கீழே இருந்தால் பரவாயில்லை. திரும்பத் திரும்ப அதற்கு மேல் போனால் உடனே அழைக்கச் சொன்னார். குசினியில் தொங்குகிற கலண்டரில் நாளுக்கு நாள் குறித்து வைத்தேன். ஒருமுறை எண்ணிக்கை ஏறினதைப் பார்த்துத்தான், அவள் சுகமாக ஓடித் திரிகிறாள் என்று மற்றவர்கள் சொன்னபோதும் தூக்கிக்கொண்டு போனேன். நெஞ்சில் நீர் சேரத் தொடங்கியிருந்தது. மருந்தைக் கூட்டினதும் இறங்கிவிட்டது.

அந்த மருந்து மூத்திரம் போக வைக்கிற மருந்து, அதற்காகவும் ராத்திரியில் எழும்ப வேண்டியிருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹப்புத்தளை குளிர்காரன்:

கட்டிலில் படுக்க விடுங்கள் டீச்சர், பிரச்சினை முடிந்தது. எங்கள் வீட்டில் நாய் கட்டிலில், நான் பாயில். இரண்டு பேருக்கும் நல்ல தூக்கம்.

லிந்துலை டீச்சர்:

குளிர்காரன் தம்பி, மாமியார் இருக்கிற வீட்டில் அது நடக்காது!

மாமா, ஜெனி அம்மா, இருவருக்கும் நன்றி. இந்த வாரம் முழுக்க போனில் சின்னச் சின்ன வீடியோவாக எடுத்து வைத்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

எழும்புவது மாமா எழுதிய அதே மாதிரி. முன்னங்காலை ஊன்றி உன்னுகிறான். டைல்ஸில் பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் வழுக்கிப் போகின்றன. சேர்த்துக்கொண்டு நிற்கவே ஒரு நேரம் எடுக்கிறது. அப்படி நின்றதும் உடம்பை உதறப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொள்கிறான். முன்பு தலையில் தொடங்கி வால் நுனி வரை உதறுவான், காது இரண்டும் படபடவென்று அடிக்கும். இப்போது கழுத்தோடு சரி. இதை நான் இவ்வளவு நாளும் கவனிக்கவே இல்லை, வீடியோவில்தான் தெரிந்தது. முதல் சுற்று விறைப்பு. இரண்டாவது சுற்றில் நடை பரவாயில்லை.

தண்ணீர் ஒரு லீட்டருக்குக் கீழேதான். கோழி இல்லை, நானே காவல் இருந்தேன். மூச்சு 20, 22. இருமல் கிடையாது.

குரைப்பது பின்கதவைப் பார்த்து. ஆனால் கதவின் கைப்பிடிப் பக்கம் இல்லை, கீல் பக்கம். மாமா எழுதியதை வாசித்துவிட்டுத்தான் பார்த்தேன், ஆகவே எனக்கே அப்படித் தோன்றுகிறதோ என்றும் ஒரு சந்தேகம். எல்லா நாளும் இல்லை.

இன்னொரு விஷயம் மகன் ஞாபகப்படுத்தினான். வருஷா வருஷம் தீபாவளிக்கு முதல் வெடி போட்டதுமே சூட்டி கட்டிலுக்குக் கீழே போய்விடுவான், அடுத்த நாள் மத்தியானம் வரை சாப்பாட்டுக்கும் வரமாட்டான். இந்த முறை பக்கத்து வீட்டுப் பொடியன்கள் எங்கள் படிக்கட்டிலேயே சரவெடி கொளுத்தினார்கள், இவன் படுத்த இடத்தை விட்டு அசையவில்லை. வயசாகித் தைரியம் வந்துவிட்டதென்று வீட்டில் எல்லாருக்கும் ஒரே பெருமை.

மாட்டாஸ்பத்திரி மாமா:

டீச்சர், அது தைரியம் இல்லை, காது. பஸ் சத்தத்துக்கு ஓடி வராததும் கேட் திறக்கிற சத்தத்துக்கு எழும்பாததும் அதேதான். காது போன நாய் பகலில் ஆழமாகத் தூங்கும், ஏனென்றால் எழுப்புகிறதுக்கு ஒன்றும் இல்லை. தூங்கும்போது யாரும் திடீரென்று தொடக் கூடாது, முக்கியமாகச் சின்னப் பிள்ளைகள். எவ்வளவு சாதுவான நாயும் பதறி விழித்து ஒரு கடி வைத்துவிடும். பக்கத்தில் தரையைக் காலால் தட்டுங்கள், அதிர்வு தெரியும். அல்லது மூக்குக்கு நேரே கையை நீட்டி வாடை பிடிக்க விடுங்கள்.

என் கணக்கில் முதல் ஆள் மூட்டு வலி, அடுத்தது காது. மறதி வருத்தம் வாசலில் வந்து நிற்கலாம், அதை டாக்டர் முடிவு செய்யட்டும். வீடியோக்களை அப்படியே காட்டுங்கள். டாக்டரின் மேசையில் ஏறினதும் பயத்தில் எல்லா நாயும் வாலிபனாகிவிடும், வீட்டில் எடுத்த படம்தான் உண்மையைச் சொல்லும். அங்கே முடிவு தெரியாவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

போகும்வரை செய்யக்கூடியது. படுக்கைக்கு அடியில் ரெஜிபோம் (தெர்மோகோல்) தட்டு ஒன்று போடுங்கள், மீன் பெட்டி உடைந்ததாக இருந்தாலும் சரி. கழுவிக் காய வைத்து, அதைச் சாக்குக்குள் முழுதாக மூடித் தைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடித்துத் தின்பான். மேலே பழைய கம்பளியை மடித்துப் போடுங்கள். தரைக் குளிர் ஏறாது. படுக்கையில் இருந்து தண்ணீர்ச் சட்டி வரைக்கும் கதவு வரைக்கும் ரப்பர் பாயோ பழைய சாக்கோ விரித்துவிடுங்கள், கால் வழுக்காது. நகம் டக் டக்கென்று கேட்கிறது என்றீர்களே, அவ்வளவு கேட்டால் நகம் நீளம். நீண்ட நகத்தோடு டைல்ஸில் நிற்பதே பாடு. டாக்டரிடமே வெட்டிவிடச் சொல்லுங்கள், கறுப்பு நகத்தில் இரத்த நரம்பு எங்கே இருக்கிறதென்று தெரியாது.

நீங்கள் பாடசாலை விட்டு வந்ததும் எழுப்பி, வெயில் இருக்கும்போதே கொஞ்சம் நடத்துங்கள். ஏற்றத்தில் வேண்டாம், ரோட்டோடு போதும். படுக்கப் போகும் முன் கயிற்றில் பிடித்து வெளியே ஒரு தரம். ராத்திரியில் குசினியில் ஒரு சின்ன பல்ப் எரியட்டும், கண் மங்கின நாய்க்கு இருட்டில்தான் பயம் கூடும். படுக்கையை இடம் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். குரைக்கும்போது ஏசவும் வேண்டாம், அவனுக்கு எப்படியும் கேட்காது.

லிந்துலை டீச்சர்:

போய் வந்தோம். டாக்டர் வீடியோவைத்தான் முதலில் கேட்டார் மாமா! பின்னங்கால் ஒவ்வொன்றையும் மடக்கி நீட்டிப் பார்த்தார். இடது இடுப்பில் கை வைத்து நீட்டினதும் சூட்டி கத்தவில்லை, சட்டென்று திரும்பி அவர் கையைப் பார்த்தான், உதட்டை நக்கினான். வலி அங்கேதான் என்றார். வலி மருந்து தருவதற்கு முன்னால் இரத்தம் எடுத்தார். கிட்னி பழுதாக இருந்தால் அந்த வகை மருந்து கொடுக்கக் கூடாதாம். வயசுக்குப் பரவாயில்லை என்று வந்தது. சாப்பாட்டோடு மட்டும் கொடுக்கச் சொன்னார், வாந்தியோ கறுப்பு மலமோ போனால் நிறுத்திவிட்டு உடனே போன் பண்ணச் சொன்னார். நகம் வெட்டியாயிற்று. காது கேட்பது கிட்டத்தட்ட இல்லை. கண்ணில் வயசு மங்கல். மறதி விஷயத்தை, வலி அடங்கின பிறகும் கீல் பக்கம் போய் நிற்கிறானா என்று பார்த்து அடுத்த மாதம் பேசுவோம் என்றார்.

இப்போது நாலு, நாலரை வரை படுக்கிறான். பகல் தூக்கம் குறையவில்லை. கீல் பக்கம் நின்று குரைப்பது ஒன்றிரண்டு நாள் நடந்தது, குறித்து வைத்திருக்கிறேன். ரெஜிபோம் படுக்கையில் முதலில் ஏற மறுத்தான். லயத்தில் போட்டிருந்த பழைய சாக்கைத் தேடி எடுத்து மேலே விரித்ததும் ஏறிவிட்டான். முழு உதறல் இன்னும் வரவில்லை.

மாமியாரின் கணக்கில் இது தேங்காய் உடைத்த பலன். நான் எதிர்த்துப் பேசவில்லை, ஆனால் மருந்தை நேரத்துக்கு ஞாபகப்படுத்துகிறவரும் அவர்தான்.

பொகவந்தலாவை சுதா:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் குட்டி நாய் தூக்கத்தில் கால்களை வெட்டி வெட்டி இழுக்கிறது, மெல்லிசாகக் குரைக்கவும் செய்கிறது, கண் இமைக்குள் உருளுகிறது. வலிப்பா மாமா? எழுப்பிவிட வேண்டுமா?

மாட்டாஸ்பத்திரி மாமா:

பெரும்பாலும் கனவு, சுதா. குட்டிகளுக்கு இது அதிகம். கால் இழுப்பு விட்டு விட்டு வரும், உடம்பு தளர்வாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கும். கொஞ்சம் தள்ளி நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்து உங்களைப் பார்க்கும். அப்படியென்றால் விட்டுவிடுங்கள், கை வைத்து உலுக்க வேண்டாம்.

வலிப்பு வேறு. உடம்பு கட்டை போல விறைக்கும், வாயில் நுரை தள்ளும், மூத்திரம் போகலாம், கூப்பிட்டாலும் தெரியாது. நின்ற பிறகும் கொஞ்ச நேரம் தடுமாறித் திரியும், சில நாய் கண் தெரியாத மாதிரி சுவரில் முட்டும். அப்போது வாய்ப் பக்கம் கை கொண்டு போகாதீர்கள், இரும்பும் கையில் திணிக்க வேண்டாம். மேசை கதிரையை விலக்கிவிட்டு நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்காமல் போனாலோ, ஒன்று முடிந்து தெளியும் முன் அடுத்தது வந்தாலோ அந்த நிமிஷமே வாகனம் பிடியுங்கள். மரக்கறித் தோட்டத்துக்கு மருந்து அடித்த நாள் என்றால், எந்த மருந்து என்று போத்தலைப் படம் பிடித்துக்கொண்டு போங்கள். எதற்கும் அடுத்த தரம் தூக்கத்தில் இழுக்கும்போது ஒரு வீடியோ எடுத்து வையுங்கள், பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற சத்தமும் அதில் கேட்க வேண்டும்.